ஃபெட் சிமுலேஷன்கள்: மவுஸ் யார் கையில் இருக்கிறது?

அறிவியல் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி ஏதாவது ஒரு புதுச் செயலியின் லிங்க் வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலானவற்றைத் திறந்து பார்த்துவிட்டு அன்றைக்கே மறந்துவிடலாம், ஒரு நஷ்டமும் இல்லை. ஃபெட் (PhET) அப்படிப்பட்டதல்ல. அமெரிக்காவில் போல்டர் நகரில் உள்ள கொலராடோ பல்கலைக்கழகம் உருவாக்கும் இந்த இலவச சிமுலேஷன்களை, அதாவது கணினித் திரையிலேயே மாற்றி மாற்றிச் செய்து பார்க்கும் சோதனைகளை, அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மவுஸை மாணவர் கையில் கொடுத்தால் இதைவிட நல்ல கருவி இலவசமாகக் கிடைக்காது, ஆசிரியர் தன் கையிலேயே வைத்துக்கொண்டு ஸ்மார்ட் போர்டில் ஓட்டிக் காட்டினால் இதுவும் இன்னொரு வீடியோதான்.

ஃபெட்டைத் தொடங்கியவர் கார்ல் வீமன். 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசை எரிக் கார்னெல், வோல்ஃப்காங் கெட்டர்லே இருவரோடும் பகிர்ந்துகொண்டவர். அடுத்த ஆண்டே இதை ஆரம்பித்துவிட்டார். முதலில் இயற்பியல் மட்டும்தான், இப்போது வேதியியல், உயிரியல், கணிதம், புவி அறிவியல் எல்லாம் சேர்ந்து நூற்றைம்பதுக்கும் மேல் இருக்கின்றன. இணையதளத்தில் பணம் கட்ட வேண்டியதில்லை, மாணவர் பெயரையோ போன் நம்பரையோ கேட்பதில்லை, விளம்பரம் கிடையாது. 2018 முதல் வந்த நம் தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் பாடத்தின் முடிவில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு கட்டம் போட்டிருப்பார்களே, அதில் பல இடங்களில் கொடுத்திருக்கும் முகவரி ஃபெட்டுடையதுதான். அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பாடத்தை முடித்தாக வேண்டும், பொதுத்தேர்வில் அதிலிருந்து கேள்வி வராது, என்ன செய்வது என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அந்தக் கட்டத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

எந்தக் கல்விச் செயலியை எடுத்தாலும், செய்தவர்கள் வெளியே சொன்னாலும் சொல்லாவிட்டாலும், உள்ளே ஒரு கற்றல் கோட்பாடு இருக்கும். ஸ்கின்னர், பியாஜே, வைகாட்ஸ்கி என்று கற்றலை ஆராய்ந்த உளவியலாளர்களாக பி.எட்.-இல் பத்து மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன பெயர்கள், ஒரு செயலி வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நேரத்தில்தான் நிஜமாகவே கை கொடுக்கின்றன.

ஸ்கின்னரை எடுத்துக்கொள்ளுங்கள். 1953-இல் தன் மகளின் கணக்கு வகுப்பைப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். எல்லாக் குழந்தையும் ஒரே வேகத்தில் போக வேண்டியிருக்கிறது, போட்ட கணக்கு சரியா தப்பா என்று உடனே தெரிவதில்லை, இந்த இரண்டும் அவர் கண்ணில் பட்டன. கேள்வியைக் காட்டி, விடையை வாங்கி, சரி தவறை அங்கேயே சொல்லும் இயந்திரம் ஒன்றை அவர் செய்ததற்கு அதுதான் தூண்டுதல். எங்கள் பள்ளிக்கு ஒரு நிறுவனத்தின் ஆள் வந்து காட்டிய செயலியும் அதே சங்கதிதான்: ஒரு கேள்வி, நான்கு விடை, சரியாகத் தொட்டால் நட்சத்திரம், கைதட்டல் சத்தம். திரை மட்டும்தான் புதிது. இதை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், தனிமங்களின் குறியீடு, இணைதிறன், வாய்ப்பாடு மாதிரி திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டியவற்றுக்கு இது நன்றாகவே உதவும். ஆனால் ஒரு பிள்ளை ஏன் தப்பாக நினைக்கிறது என்ற கேள்விக்கு இந்த வகைச் செயலியில் இடமே இல்லை. தப்பு என்று சிவப்பில் காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறது.

அறிவியலில் பிள்ளைகள் வெறுந்தலையோடு வகுப்புக்கு வருவதில்லை. பாடம் தொடங்கும் முன்பே ஒவ்வொன்றுக்கும் அவர்களாக ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள், அது பெரும்பாலும் அனுபவத்தில் வந்ததாக இருக்கும், அதனால்தான் லேசில் அசையாது. ஏற்கெனவே உள்ள எண்ணம் ஒன்றோடு மோதி, இது சரிப்படவில்லையே என்று பிள்ளைக்கே தோன்றினால்தான் அந்த எண்ணம் மாறும் என்றார் பியாஜே. ஃபெட் நிற்பது இந்த இடத்தில்.

மின்சுற்று சிமுலேஷனைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இந்தத் தொகுப்பிலேயே என் மனதுக்கு நெருக்கமானது அதுதான். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடம். பாட்டரியிலிருந்து கிளம்பும் மின்னோட்டத்தில் ஒரு பங்கை பல்பு சாப்பிட்டுவிடும், மீதிதான் திரும்பி வரும் என்று நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் நம்புகிறார்கள். மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைகூட உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கும். கணினியைத் திறக்கும் முன்பே கரும்பலகையில் ஒரு பாட்டரி, தொடரில் இரண்டு பல்பு வரைந்துவிட்டு, எந்த பல்பு அதிகம் எரியும், முதலாவதா இரண்டாவதா, இரண்டும் ஒரே மாதிரியா என்று கேட்டு, ஒவ்வொருவரும் தன் விடையைக் காரணத்தோடு நோட்டில் எழுத வேண்டும் என்று சொல்லிவிடுவேன். "சார், வெளிச்சம் குடுக்குதுல்ல, அதுக்குக் கொஞ்சமாவது கரண்ட் செலவாயிருக்கும்ல?" என்று கேட்டான் ஒருவன். நியாயமான கேள்வி. எழுதி முடித்த பிறகுதான் மவுஸ்.

திரையில் ஒரு பக்கம் கம்பி, பாட்டரி, பல்பு, சுவிட்ச் எல்லாம் இருக்கும். இழுத்துக் கொண்டுவந்து முனைகளை ஒட்டினால் சுற்று தயார். சுற்று மூடியதும் கம்பிக்குள் நீல நிற உருண்டைகள் நகர ஆரம்பிக்கும், அவைதான் எலக்ட்ரான்கள். முதல் பல்புக்கு முன்னும், இரண்டு பல்புக்கு நடுவிலும், கடைசியிலும் ஒரே வேகம்தான். பிள்ளைகள் முதலில் இதை நம்புவதில்லை. அம்மீட்டரை எடுத்து ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்ப்பார்கள், எண் மாறாது. பாட்டரியைத் திருப்பிப் போடுவார்கள், உருண்டைகள் எதிர்த்திசையில் ஓடும், வெளிச்சம் அப்படியே இருக்கும். மூன்றாவதாக ஒரு பல்பைச் சேர்த்தால் எல்லாமே மங்கும். அப்புறம் யாராவது ஒருவர் பல்பு இல்லாமல் பாட்டரியின் இரண்டு முனையையும் வெறும் கம்பியால் இணைப்பார், பாட்டரி தீப்பிடிக்கும், லேப் முழுக்கச் சத்தம், எல்லாக் கணினியிலும் தீ. அந்தச் சத்தத்தை நான் அடக்குவதில்லை. குறுக்குச் சுற்று என்றால் என்ன, வீட்டில் ஃபியூஸ் ஏன் போகிறது என்று அதற்குப் பிறகு விளக்க வேண்டிய வேலை பாதியாகக் குறைந்துவிடும். நிஜப் பாட்டரியை வைத்து இதைச் செய்யச் சொல்ல நமக்குத் தைரியம் வருமா?

இவ்வளவையும் ஃபெட் செய்யும். அப்படியானால் பல்பில் எதுதான் செலவாகிறது என்ற கேள்வி அப்போது வகுப்பில் எழும், எழ வேண்டும், அதற்கு ஃபெட் பதில் சொல்லாது. மின்னோட்டம் வேறு, ஆற்றல் வேறு என்று எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பிள்ளை தானாகச் செய்யக்கூடியதற்கும் தெரிந்த ஒருவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது என்றார் வைகாட்ஸ்கி (அவரும் பியாஜேயும் ஒரே ஆண்டில், 1896-இல், பிறந்தவர்கள்). அந்தத் துணை ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு கணினிக்கு இரண்டு பேர், கூடினால் மூன்று பேர் என்று உட்கார வைக்கிறேன். ஆளுக்கொரு கணினி கிடைத்தாலும் அப்படித்தான் வைப்பேன், ஏனென்றால் பக்கத்தில் இருப்பவர் "ஏய், அப்படி இல்லடா, இதை எடுத்துட்டுப் பாரு" என்று சொல்லும்போது நடக்கும் வாக்குவாதம் தனியாக உட்கார்ந்தால் நடக்காது.

ஃபெட்டைப் பற்றி நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன. 2005-இல் ஃபிங்கெல்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது ரொம்பப் பிரபலம். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் இதே மின்சுற்று சிமுலேஷனில் பயிற்சி செய்தார்கள், இன்னொரு பிரிவினர் நிஜ பல்பு, நிஜக் கம்பி வைத்துச் செய்தார்கள். பிறகு நிஜப் பொருள்களால் சுற்று அமைத்து விளக்கச் சொன்னபோது சிமுலேஷன் பிரிவினர்தான் நன்றாகச் செய்தார்கள். கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டம் அங்கே கண்ணுக்குத் தெரிந்தது ஒரு காரணம். ஆனால் இதை வைத்து "இனி ஆய்வகமே வேண்டாம்" என்று யாராவது கிளம்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது ஃபெட்டின் சொந்தப் பல்கலைக்கழகத்தில் கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஆய்வு, ஒரே ஒரு தலைப்பில்.

நான் என்ன செய்கிறேன் என்றால், சிமுலேஷன் முடிந்த அடுத்த வகுப்பில் இரண்டு டார்ச் பல்பு, பாட்டரி, கம்பி கொடுத்து அதே தொடர் சுற்றை அமைக்கச் சொல்கிறேன். கடையில் ஒரே ரகம் என்று கொடுத்த பல்புகள்தான், ஆனாலும் பல நேரம் ஒன்று கொஞ்சம் மங்கலாக எரியும். உடனே "பாத்தீங்களா சார், நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று ஒரு குரல் வரும். சரி, அப்படியென்றால் இரண்டு பல்பையும் இடம் மாற்றிப் போடு என்பேன். மங்கலான பல்பு எந்த இடத்தில் போட்டாலும் மங்கல்தான், ஆகவே விஷயம் பல்பில் இருக்கிறது, வரிசையில் இல்லை. சிமுலேஷனில் இரண்டு பல்பும் அச்சாக ஒன்றே என்பதால் இந்தப் பாடம் அங்கே கிடைக்காது. துரு ஏறிய முனை, தளர்ந்த இணைப்பு, பாதி தீர்ந்த பாட்டரி எதுவும் ஃபெட்டில் கிடையாது. அளந்தால் ஒவ்வொரு முறையும் துல்லியமான எண் வரும். அறிவியல் என்பது அப்படிச் சுத்தமாக நடக்கும் காரியம் என்று பிள்ளைகள் நம்பிவிடக் கூடாது, அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன்.

இனி கொஞ்சம் சர்ச்சையான விஷயம். பிள்ளைகளை எவ்வளவு தூரம் தன்போக்கில் விடுவது? 2006-இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர்கள் மூவரும் வழிகாட்டல் இல்லாமல் "நீயே கண்டுபிடி" என்று விடுவது புதிதாகக் கற்பவர்களுக்குப் பலன் தராது என்று கடுமையாகவே எழுதினார்கள். ஒரே நேரத்தில் மனதில் வைத்துக் கையாளக்கூடிய விஷயங்களுக்கு ஓர் அளவு உண்டு, புது ஆளுக்கு அது சீக்கிரமே நிரம்பிவிடும் என்பது அவர்கள் வாதம். ஃபெட் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வோ வேறொன்றைச் சொல்கிறது: முதலில் இதைச் சொடுக்கு, அடுத்து அதை இழு என்று படிப்படியாக எழுதிக் கொடுத்தால் மாணவர்கள் அந்தப் படிகளோடு நிறுத்திவிடுகிறார்கள், பொதுவான ஒரு கேள்வியை மட்டும் கொடுத்தால் தாங்களாகவே நிறையத் தோண்டிப் பார்க்கிறார்கள். என் வகுப்பில் பார்த்த வரைக்கும் இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கிறது. கேள்வியே இல்லாமல் விட்டால் பீரியட் முழுக்கத் தீ வைத்துக்கொண்டிருப்பார்கள். பத்துப் படி கொண்ட பணித்தாளைக் கொடுத்தால் பத்தாவது படியை எழுதிவிட்டு "முடிச்சிட்டேன் சார்" என்று கை தூக்குவார்கள், எதையும் யோசித்திருக்க மாட்டார்கள். ஒரு பீரியடுக்கு நல்ல கேள்வி ஒன்றோ இரண்டோ போதும், முன்கூட்டியே ஊகத்தை எழுதி வாங்குவது மட்டும் கட்டாயம். ஊகி, பார், விளக்கு என்று ஒயிட்டும் கன்ஸ்டனும் 1992-இல் எழுதிய முறைதான் இது, ஃபெட்டோடு இதைவிட நன்றாகப் பொருந்தும் முறையை நான் பார்க்கவில்லை.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. ஊசல் சிமுலேஷன் அருமை, பூமி, நிலா, வியாழன் என்று இடம் மாற்றி ஆட்டிப் பார்க்கலாம், குண்டின் எடையைக் கூட்டினாலும் அலைவு நேரம் மாறாதது பிள்ளைகளை உலுக்கிவிடும். ஓம் விதியில் மின்தடையைக் கூட்டினால் சமன்பாட்டில் அந்த எழுத்தே பெரிதாக வளரும், மின்னோட்டத்தின் எழுத்து சுருங்கிப்போகும். சமன்பாட்டைக் கண்டாலே பயப்படும் பிள்ளைகளுக்கு எது கூடினால் எது குறையும் என்பது அந்த ஒரு காட்சியில் புரிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பு அணு அமைப்புக்கு அணுவைக் கட்டும் சிமுலேஷன், புரோட்டானை ஒவ்வொன்றாகப் போடப் போடத் தனிமத்தின் பெயர் மாறும், நியூட்ரான் பொருந்தாவிட்டால் உட்கரு கிடந்து நடுங்கும். வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்யும் சிமுலேஷனில்தான் எனக்குக் குறை உண்டு. எண்ணை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் எப்போதாவது சிரித்த முகம் வந்துவிடும், யோசிக்காமலேயே முடித்துவிடலாம். அதற்கு மட்டும் தாளில் சமன் செய்துவிட்டுச் சரிபார்க்கத்தான் கணினி என்று விதி வைத்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தமிழில் பல சிமுலேஷன்கள் கிடைக்கின்றன, தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தவை, அவர்களுக்கு நன்றி. ஆனால் எல்லாம் தமிழில் இல்லை, இருப்பதிலும் சில கலைச்சொற்கள் நம் பாடநூலில் உள்ளவற்றோடு ஒத்துப்போவதில்லை. தமிழ் வழிப் பிள்ளைகள் அங்கே தடுமாறுவார்கள், முன்கூட்டியே பார்த்து வைத்துச் சொல்லிவிடுங்கள். பாடநூலில் மின்னோட்டம் நேர்முனையிலிருந்து கிளம்புகிறது, திரையில் எலக்ட்ரான்கள் எதிர்முனையிலிருந்து ஓடுகின்றன, பிள்ளைகள் குழம்புவது நியாயம்தான். மரபு மின்னோட்டத்தை அம்புக்குறியாகக் காட்டும் தேர்வு அங்கேயே இருக்கிறது, இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுங்கள். எலக்ட்ரான்கள் கம்பிக்குள் ஓடோடிப் போவதாகப் பதிந்துவிடும் ஆபத்தும் உண்டு. சாதாரணச் சுற்றில் அவை நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை, இதை வாயால் சொன்னால்தான் உண்டு. போனில் ஓடும் என்றாலும் மின்சுற்றுக்குச் சின்னத் திரை பத்தாது, விரல் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகர்கிறது. போனுக்கான தனிச் செயலிக்குச் சிறு விலை உண்டு, எனக்கு அது தேவைப்படவில்லை. ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்ட பாடத்திட்டங்கள் அந்தத் தளத்தில் ஏராளம், ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், நமக்கு வேண்டியதை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

எங்கள் பள்ளியில் உள்ள பெரிய தடை வேறு. ஹைடெக் லேப் என்ற கணினி அறை இருக்கிறது, தேர்வுக்கும் பதிவு வேலைக்கும் போக மிச்ச நேரம்தான் வகுப்புக்குக் கிடைக்கிறது. லேப் கிடைக்காத நாளில் ஸ்மார்ட் போர்டில்தான் ஓட்டியாக வேண்டும். அப்போதும் நான் ஓட்டுவதில்லை, ஒரு மாணவியைக் கூப்பிட்டு போர்டு முன்னால் நிறுத்திவிட்டு, வகுப்பு கையைத் தூக்கி எந்தப் பக்கம் என்று முடிவு செய்த பிறகுதான் அவள் சுவிட்சைப் போட வேண்டும். லேப் அளவுக்கு வராது என்றாலும் வெறும் வேடிக்கையாக முடியாது.

கருவி வாங்கிப் போட்டால் கற்றல் தானாக உயர்ந்துவிடும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார்கள். மேலே சொன்ன மூவரில் ஒருவரான ரிச்சர்ட் கிளார்க், மளிகைச் சாமானை ஏற்றிவரும் லாரி அந்தச் சாமானின் சத்தைக் கூட்டிவிடாது, ஊடகமும் அப்படித்தான் என்று 1983-லேயே எழுதிவிட்டார். ஸ்மார்ட் போர்டில் ஓடும் வீடியோ விஷயத்தில் அவர் சொன்னது அப்படியே பொருந்தும். ஃபெட் விஷயத்தில் மட்டும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கரும்பலகையும் சாக்பீஸும் எலக்ட்ரானை நகர்த்திக் காட்டாது, நிலாவில் ஊசல் ஆட்டிக் காட்டாது, "இப்படிச் செய்தால் என்ன ஆகும் சார்" என்று பிள்ளை கேட்ட அடுத்த நொடியே செய்து பார்க்கவும் விடாது. அந்த வசதி இல்லாமல் என்னால் இந்தக் கேள்விகளைக் கேட்கவே முடியாது.

நெட் வசதி சரியில்லாத பள்ளிகளுக்கு ஒரு தகவல். ஒவ்வொரு சிமுலேஷனையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், தமிழ் வடிவத்தையும்கூட. அதற்குப் பிறகு இணையம் இல்லாமலேயே எந்த பிரவுசரிலும் திறக்கும், பென்டிரைவில் எடுத்துப்போய் லேப் கணினிகள் எல்லாவற்றிலும் போட்டுவிடலாம். பழைய ஜாவா சிமுலேஷன்கள் சில இன்னும் தளத்தில் இருக்கின்றன, அவற்றைத் தொடாதீர்கள், புதிய வடிவில் உள்ளவையே போதும். பத்தாம் வகுப்பு எடுப்பவர்கள் மின்சுற்றில் தொடங்குங்கள், ஒன்பதாம் வகுப்பு என்றால் அணு அமைப்பு. டார்ச் பல்பு வாங்கும்போது நாலைந்து கூடுதலாகவே வாங்கி வையுங்கள், பிள்ளைகள் அதிக பாட்டரி போட்டுப் பார்த்து குறைந்தது இரண்டு பல்பாவது எரிந்துபோகும்.